வியாசை எக்ஸ்பிரஸின் அடுத்த கோச்

தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் காலை, கோச்சுக்கு மாலை போட்டு ஊரைவிட்டு அனுப்புவது புது வியாசையில் வழக்கம். நிலவில் மாலை கட்டும் அளவுக்குப் பூ ஏது? பழைய மின்கம்பிகளின் மேலுறையை உரித்துச் சிவப்பும் மஞ்சளுமாகக் கோத்த மாலை ஒன்றை வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் அதே மாலைதான். விண்ணோடத்தின் படிக்கட்டில் ஏறும்போது மறக்காமல் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். அடுத்தவருக்கு வேண்டுமே.

அந்தப் பருவத்தில் அது ஐந்தாவது கழுத்து. பெரைரா என்கிற அந்த நல்ல மனிதர் படிக்கட்டில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத்தான் என்ன ஆகப் போகிறது என்று இன்னும் பலமாக அடித்தார்கள். கதவு மூடியது. கூட்டம் அப்படியே திரும்பி ரோசலினின் டீக்கடைக்கு நடந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் ஒரு கலகலப்பு இருக்கும். அன்று இல்லை. எல்லோர் முகத்திலும் பயம் அப்பியிருந்தது.

பயத்துக்குக் காரணம் தண்ணீர். நிலவின் தென்துருவத்தில், சூரியனே எட்டிப் பார்க்காத பள்ளங்களில் பனிக்கட்டி கிடக்கிறது. அதை ஆறு ஊர்கள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். முதல் தலைமுறையினர் வழக்குப் போட்டார்கள். நடுவர் மன்றம் வைத்தார்கள். தீர்ப்பு வந்தது. வந்த தீர்ப்பை எவரும் மதிக்கவில்லை. பிறகு ஒருவர் குழாயை ஒருவர் உடைத்தார்கள். பூமியிலிருந்து எதை மறந்தாலும் இந்தப் பழக்கத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வந்திருந்தார்கள். கடைசியில் யாரோ சலித்துப்போய், "பேசாமல் பந்து உதைத்துப் பார்த்துவிடலாம்" என்றார். சலிப்பில் சொன்னதுதான் சட்டமாயிற்று. ஆறு ஊர்களுக்கும் ஒவ்வோர் அணி. பருவம் முடியும்போது பட்டியலில் எந்த இடமோ, அடுத்த ஆண்டு தண்ணீரில் அந்த அளவு பங்கு. வழக்கறிஞர்கள் எல்லோரும் பூமிக்குத் திரும்பினார்கள். அவர்கள் இடத்துக்குக் கோச்சுகள் வந்தார்கள்.

வடசென்னை வியாசர்பாடியிலிருந்து பந்தும் கையுமாக வந்தவர்களின் வாரிசுகளுக்கு இந்தச் சட்டம் அல்வா சாப்பிடுவது போல் இருந்திருக்க வேண்டும். கொஞ்ச காலம் இருந்தது. இப்போது அவர்களுடைய 'வியாசை எக்ஸ்பிரஸ்' அணியை மற்ற ஊர்க்காரர்கள் 'கூட்ஸ் வண்டி' என்று கூப்பிட்டார்கள். கடைசிக்கு முந்தைய இடத்தில் புது கோழிக்கோடு, கடைசியில் இவர்கள். பாக்கி இருந்தது ஒரே ஆட்டம், அதுவும் கோழிக்கோட்டோடு. ஜெயித்தால் இடம் மாறும். சமனானால்கூட இவர்கள்தான் கடைசி.

கடைசி இடத்துக்குக் கிடைக்கும் பங்கு மனிதர்களுக்கு மட்டுமே போதும். மரங்களுக்கான குழாயைப் புது ஆண்டின் முதல் நாளே அடைத்துவிடுவார்கள்.

ரோசலினின் கடைக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் நின்றது. நிலவில் இறந்தவர்களை எரிக்க முடியாது, இருக்கிற கொஞ்சக் காற்றுக்கு அது கட்டுப்படியாகாது. மட்க வைத்து மரத்துக்கு உரமாக்குவார்கள். ரோசலினின் கணவர் சூசை, எக்ஸ்பிரஸ் நன்றாக ஓடிய காலத்தில் அதன் சென்டர் பார்வர்டு, அந்த முருங்கைக்குத்தான் போனார். இந்த ஆண்டு மரம் பூத்திருந்தது. ரசிகர் மன்றத்தின் தலைவியாக இருந்தும், தினம் அத்தனை பேருக்கு டீ ஆற்றியும், ரோசலின் அந்தப் பூவைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசி இடம் வந்தால் இரண்டாவது தடவை தாலி அறுக்க வேண்டும் என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

கடையில் பேச்சு ஆரம்பித்திருந்தது.

"நம்ம ஆளு வோணும்பா," என்றார் குழாய் வேலை பார்க்கும் டில்லிபாபு. மன்றத்தில் தொண்டை பெரியவர் அவர்தான். "வெளியாளுங்கள கூட்டாந்து கூட்டாந்து இன்னாத்த கண்டோம்? பழைய கேப்டன் மோசஸு கீறாரே, அவருக்கு இன்னா கொறச்சலு?"

"முட்டி கொறச்சலு. முட்டி போயி எத்தினி வருசமாச்சு," என்றாள் கன்னியம்மா. காற்று வடிகட்டிகளைச் சுத்தம் செய்கிற பிரிவில் மேஸ்திரி அவள்.

"கோச்சுக்கு இன்னாத்துக்கும்மா முட்டி? அவரா ஓடப் போறாரு?"

"அவரு காலத்துல ஆடுன ஆட்டம் வேற, இன்னிக்கு ஆட்டம் வேற. நான் சொல்றேன் கேளு. போன வருசம் கப்பு அட்ச்சவன் கோச்ச தூக்கினு வா."

"எதிரி ஊர்க்காரனையா? நம்ம குழாய ஒடச்சவன் பேரனையா? ரோசமே இல்லியா ஒனக்கு?"

"தண்ணி இல்லாட்டி ரோசத்த கலக்கியா டீ குடிப்ப?"

புள்ளியியல் பேராசிரியர் வைகறைச்செல்வன் கையைத் தூக்கினார். பேச அனுமதி கேட்டுக் கை தூக்குகிற ஒரே உறுப்பினர் அவர். அதனாலேயே யாரும் அவருக்கு அனுமதி கொடுப்பதில்லை. அவர் தானாகவே ஆரம்பித்தார்.

"உணர்ச்சிவசப்படாம யோசிங்க. மனுசக் கோச்சே வேண்டாம். கணிப்பான் ஒண்ண வாடகைக்கு எடுப்போம். நூறு வருச ஆட்டங்கள விழுங்கியிருக்கு. தப்பே பண்ணாது."

"தோத்தா?" என்றார் டில்லிபாபு.

"தோக்க வாய்ப்புக் குறைவு."

"அது கெடக்கட்டும் சார். தோத்தா யார திட்றது? மிசின திட்னா அதுக்கு ஒறைக்குமா? மால போட்டா தலை குனியுமா?"

பேராசிரியர் தூக்கிய கையைக் கீழே இறக்கினார். கணிப்பான் அத்தோடு முடிந்தது.

இப்படியே நான்கு சுற்று டீ ஓடியது. ஆளுக்கொரு பெயர், பெயருக்கொரு சண்டை. ஐந்து கோச்சுகளும் ஏன் தோற்றார்கள் என்பதற்கு ஐந்து காரணம் காட்டி நிரூபித்தார்கள். ஒருவருக்கு வேகம் தெரியாது, ஒருவருக்கு வேகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது, ஒருவர் சிரிக்கவே மாட்டார், இன்னொருவர் தோற்றாலும் சிரிக்கிறார். பெரைராவின் தலைமுடியில்கூடக் குற்றம் இருந்தது. மோசஸுக்கு ஆள் அனுப்பினார்கள். "அந்த மால எங் கயுத்துக்குப் பத்தாது" என்று அவர் பதில் சொல்லி அனுப்பினார். சாம்பியன் கோச்சுக்குச் செய்தி போனது. அவர் சிரித்த சிரிப்பை மட்டும் பதிவு செய்து திருப்பி அனுப்பினார்.

கடைசியில் சுவர்த்திரையில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது: தமயந்தி. பந்தாட்டத்துக்குப் பேர்போன தூத்தூர்க் கடற்கரையில் பிறந்தவர், இப்போது வேலையில்லை. அவருடைய சரித்திரத்தைப் படித்த கன்னியம்மா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி படித்தாள்.

"மூணு ஊர்ல தொரத்திகிறாங்க."

"பாத்தியா!" என்றார் டில்லிபாபு.

"மூணு ஊருலயும் ஜெயிச்ச ஒடனே தொரத்திகிறாங்க."

"தரவுப் பிழையா இருக்கும்," என்றார் பேராசிரியர். "ஜெயிச்சுக் குட்த்த ஆள எவனாவது தூக்குவானா?" என்று டில்லிபாபு தொடையில் அடித்துச் சிரித்தார். "அவனுங்க மண்டைல மூளைக்குப் பதிலா நெலா மண்ணு!" எல்லோரும் சிரித்தார்கள். பல நாளுக்குப் பிறகு ரோசலினும் சிரித்தாள்.

தமயந்தி மறுநாளே வந்து இறங்கினார். நரைத்த கிராப்பு, ஒரே ஒரு பை. கடையில் உட்கார்ந்து, டில்லிபாபு இடதுபக்கத் தாக்குதல் பற்றியும் கன்னியம்மா நடுக்கள ஓட்டைகள் பற்றியும் பேராசிரியர் சராசரி பற்றியும் சொன்னதை எல்லாம் டீயைக் குடித்தபடியே கேட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரோசலினைப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியேம்மா?"

ரோசலின் அவரைக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போய் மரத்தைக் காட்டினாள். அங்கே நின்றுதான் அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் அடக்கியது, மூக்கும் கண்ணுமாகக் கொட்டியது. "எங்க வூட்டுக்காரரு," என்றாள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

தமயந்தி மரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பயிற்சியப் பாக்க யாரும் வரக் கூடாது. ஆட்டம் முடியிற வரைக்கும் என்ன செய்றேன்னு கேக்கக் கூடாது. முடிஞ்சதும் நானே சொல்லிருவேன். மறைக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது."

"நீ இன்னா வோணா பண்ணும்மா. மரம் நின்னா போதும்."

மன்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் வேறு வழி இல்லை. பயிற்சி மேட்டுக்கு அந்தப் பக்கம், ஊரின் கண்ணாடிக் கூரையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் நடந்தது.

அந்த ஆட்டத்தைச் சொல்லும் முன் ஆரவாரச் சில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலவில் மைதானம் வெட்டவெளியில் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் உயிர்காப்பு உடையோடும் கவசத்தோடும் ஆடுகிறார்கள். ரசிகர்கள் கண்ணாடிக்குள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். காற்றில்லாத இடத்தில் ஒலி எப்படிப் போகும்? ஆரம்ப ஆண்டுகளில், கோல் அடித்தவர்கள் அந்த நிசப்தத்தில் திகைத்து நின்றார்களாம். அதற்காகக் கண்டுபிடித்ததுதான் சில்லு. ஒவ்வொரு ரசிகருக்கும் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் அரிசி அளவில் பொதித்திருப்பார்கள். ரசிகர் கத்துவது நேராக ஆட்டக்காரரின் கவசத்துக்குள் கேட்கும். புது வியாசையில் பேச்சு வந்த பிள்ளைக்கு முதல் சடங்கே சில்லு வைப்பதுதான். மற்ற ஊர்களில் கைதட்டுவார்கள், பாடுவார்கள். வியாசைக்காரர்கள் பாடுவதில்லை. யோசனை சொல்வார்கள். ஊர் மொத்தமும், ஒரே நேரத்தில்.

ஆட்டம் தொடங்கியது. ரோசலின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். முதல் நிமிடத்திலிருந்தே எக்ஸ்பிரஸ் வேறு அணியாக இருந்தது. தட்டுத் தடுமாறும் கால்கள் இல்லை, பந்து கிடைத்ததும் நாலு பக்கமும் திரும்பிப் பார்க்கிற திகைப்பு இல்லை. அவ்வப்போது ஒருவருக்கொருவர் கையை அசைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"லெப்டுல போடு! லெப்டுல போட்றா!" என்று டில்லிபாபு கத்தினார். பந்து இடதுபக்கம் போனது. அங்கிருந்து வளையாமல் நெளியாமல், காற்றில்லாத வெளியில் கோடு கிழித்த மாதிரிப் போய் வலைக்குள் விழுந்தது.

"நான் சொன்னேன்! நான் சொன்னேன்பா!" அவர் பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் கட்டிப்பிடித்தார். "எங் கொரலு கேட்டுதான் போட்டான்!"

"நடுவுல வழி வுடுன்னு கத்துனது யாரு? நானு!" என்றாள் கன்னியம்மா. பேராசிரியர்கூடக் கை தூக்காமல் கத்தியிருந்தார். தன் சராசரிக் கணக்குத்தான் கோலாக மாறியது என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது.

முடிகிற நேரத்தில் கோழிக்கோட்டுக்குப் பெனால்டி கிடைத்தது. கோல் காப்பவன் ஜெபக்குமார், சூசையிடம் ஆட்டம் பழகியவன். நிலவில் கோல் காப்பவன் அவசரப்பட்டு எம்பினால் போச்சு. கீழே இறங்குவதற்குள் எதிரி பந்தை வலையில் வைத்துவிட்டு ஒரு வெற்றிலை போட்டுக்கொள்ளலாம். அந்தப் பருவம் முழுக்க ஜெபக்குமார் எம்பிக்கொண்டேதான் இருந்தான்.

ரோசலின் கண்ணாடியில் இரண்டு கைகளாலும் அறைந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். "எம்பாதடா ஜெபா! நில்லு! கண்ணு, அசையாத நில்லுடா! அண்ணன நெனச்சுக்கினு நில்லுடா!"

ஜெபக்குமார் நின்றான். உதைத்த பந்து நேராக அவன் மார்புக்கு வந்தது. இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டான்.

ரோசலின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் கேட்டுவிட்டான். இத்தனை பேர் கத்தலுக்கு நடுவில் தன் குரல் அவன் காதில் விழுந்துவிட்டது. சூசையின் மரத்தைத் தானே காப்பாற்றிவிட்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அன்று மாலை கடையில் நிற்க இடமில்லை. மேளம், விசில், ஆளாளுக்குத் தன் குரல் எந்த நிமிடத்தில் என்ன செய்தது என்ற விவரணை. மொத்தம் ஒரே கோல்தான். அதை அடித்ததாக உரிமை கொண்டாடியவர்களை மைதானத்தில் நிறுத்த இடம் போதாது. தமயந்தி டீயைக் குடித்து முடித்து எழுந்தார்.

"முடிஞ்சதும் சொல்றேன்னு சொல்லிருந்தேன். கவசத்துக்குள்ள தாடைகிட்ட ஒரு பொத்தான் இருக்கு. அழுத்துனா வெளிச்சத்தம் எதுவும் உள்ள வராது. முதல் நாள்லேர்ந்தே இருக்கு, யாரும் தொட்டதில்ல. நான் தொடச் சொன்னேன். கைச்சைகையாலதான் பேசிக்கிட்டாங்க. ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து முடியிற வரைக்கும் நீங்க கத்துனது ஒண்ணுகூட அவங்களுக்குக் கேக்கல."

மேளம் நின்றது.

"சும்மா சொல்றாங்க," என்றார் டில்லிபாபு. "லெப்டுல போடுன்னு நான் சொன்ன ஒடனே..."

"அது பயிற்சியில முடிவு பண்ணது அண்ணே," என்றான் ஜெபக்குமார். மூலையில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் இன்னும் வேர்வை காயவில்லை.

ரோசலின் அவன் எதிரில் போய் நின்றாள். "நில்லுன்னு கத்துனனே ஜெபா. அதுகூடவா கேக்கல?"

"இல்லக்கா."

"அப்ப எப்டிடா நின்ன?"

"பந்த பாத்துக்கினு நின்னேன்க்கா. வேற ஒண்ணுமில்ல." அவன் தயங்கினான். பிறகு, சொல்லாமல் விட்டிருக்க வேண்டியதைச் சொன்னான். "எம்மாம் நிம்மதியா இருந்திச்சு தெரியுமா. எம் மூச்சு சத்தம் எனக்கே கேட்டுச்சு."

நிம்மதி! அந்த ஒரு வார்த்தை கடை முழுவதும் பற்றிக்கொண்டது.

"அப்ப நாங்கோ இத்தினி வருசமா கத்துனது ஒங்களுக்குத் தொல்லையா?" என்று கன்னியம்மா எகிறினாள். "எங் கொரலு கேக்காத டீமு என் டீமா?" என்றார் டில்லிபாபு, அவர் கண்களில் உண்மையாகவே நீர் நின்றது. நாளை முதல் குழாயில் வரப்போகும் தண்ணீரைப் பற்றி யாரோ பின்னாலிருந்து நினைவூட்டினார்கள். "தண்ணி இன்னா தண்ணி? மானத்த வித்தா தண்ணி குடிக்கறது?" என்று அதற்கும் கன்னியம்மாவே பாய்ந்தாள். பேராசிரியர் கையைத் தூக்கினார். வாழ்நாளில் முதல் முறையாக அவருக்கு எல்லோரும் அனுமதி கொடுத்தார்கள். ஜனநாயகத்தில் வெற்றியைவிடப் பங்கேற்பே முக்கியம் என்று அவர் சொன்னதற்குக் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நீக்கத் தீர்மானம் அங்கேயே வந்தது. மன்றத்தாருக்கு மட்டும்தான் வாக்கு, ஆட்டக்காரர்களுக்குக் கிடையாது. வாக்களிப்பதும் சில்லின் மூலம்தான், காதுக்குப் பின்னால் ஒரு தடவை அழுத்தினால் போதும்.

ரோசலின் தமயந்தியைப் பார்த்தாள். இவள் வராவிட்டால் மரம் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதே நேரம் அந்தக் கண்ணாடி முன் நின்று தான் கத்திய ஒவ்வொரு சொல்லும், சூசையை நினைக்கச் சொல்லிக் கெஞ்சியதும், நிலவின் வெட்டவெளியில் ஒருவர் காதிலும் விழாமல் போயிற்று என்பதும் தெரிந்தது. தோற்றிருந்தால்கூட அழுதுவிட்டு இருந்திருப்பாள், இதை அவளால் தாங்க முடியவில்லை. மரத்துக்கு எப்படியும் ஓராண்டுக்குத் தண்ணீர் உறுதியாகிவிட்டது. ஆகவே கோபப்படக் கட்டுப்படியாகும். அவள் காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினாள்.

தீர்மானத்தை எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை.

தமயந்திக்கு வருத்தமோ வியப்போ இருந்ததாகத் தெரியவில்லை. வந்த நாளிலிருந்து பையை அவர் பிரிக்கவே இல்லை என்பதை அப்போதுதான் சிலர் கவனித்தார்கள். "டீ நல்லாருந்துச்சும்மா," என்று ரோசலினிடம் சொல்லிவிட்டு ஓடத்துறைக்கு நடந்தார். ஜெபக்குமார் மட்டும் எழுந்து நின்றான்.

மறுநாள் புது ஆண்டுப் பங்கின் தண்ணீர் வந்தது. ரோசலின் மரத்துக்கு விட்டாள்; மண் குளிரக் குளிர விட்டாள். பிறகு பெரிய பாத்திரத்தில் டீக்கு வைத்தாள். டில்லிபாபு பசைக்குழாயோடு வந்து, தலைக்கவசங்களை வரிசையாக அடுக்கி, தாடைப் பக்கத்துப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அடைத்தார். கன்னியம்மா நன்றாக இறுகிவிட்டதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சொன்னாள். எல்லாம் முடிந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சரி, அடுத்த கோச்சு யாரு?"

"நாம சொல்றத காது குடுத்துக் கேக்கற ஆளா பாருங்க," என்றாள் ரோசலின்.

மோசஸ் என்றார் ஒருவர். மோசஸா என்றார் இன்னொருவர். பேச்சு பிடித்துக்கொண்டது. கடைசி இடத்திலிருந்து தப்பித்ததற்காகக் கிடைத்த அந்தக் கூடுதல் தண்ணீரில், மரங்களுக்குப் போனது போக மீதியெல்லாம், கத்திக் கத்தி வறண்டுபோன தொண்டைகளை நனைக்கவே சரியாக இருந்தது.